திறந்திருந்த படலை

ஒன்பது மணிக்குத் தலை எண்ண வருகிறேன் என்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர், எங்கள் ஆர்.ஐ., இன்னும் வரவில்லை, வெயில் மட்டும் வந்துவிட்டது, அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அகதி முகாமின் பொதுக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற மண்தரையில் வீட்டு எண் வரிசைப்படி நிற்கிறோம். நிற்பதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. குடும்பத் தலைவன் முன்னால், அவனுக்குப் பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் உயரப்படி பிள்ளைகள் என்று யாரும் சொல்லாமலே நின்றுவிடுவோம். இங்கே பிறந்த குழந்தை நடக்கப் பழகியதும் அடுத்துப் பழகுவது இதைத்தான். எனக்குப் பின்னால் தவமலர் நிற்கவில்லை. அவளைச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். நான் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் என் நிழல் அவள் முகத்தில் விழுகிறது, அதனால் சாய்ந்து நிற்கிறேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன். பாதம். செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. நேற்று இரவு விரலால் அழுத்திய குழி காலையிலும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. அப்படி இருக்காது, ஆனால் தோன்றியது. செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய் போகவில்லை. இன்று வெள்ளி. இன்றும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே மெஷின் பார்க்கிற நர்ஸ் போனில் சொன்னாள். சின்னப் பெண், மெதுவாகத்தான் சொன்னாள். நுரையீரலில் நீர் ஏறிவிடும் ஐயா, எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். எப்படியாவது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாளாகச் சுற்றுகிறேன். அவளுக்கு எங்கள் படலையை, இங்கே கேட் என்கிறார்களே, அதைத் தெரியாது. முகாமுக்கு ஒரே ஓர் இரும்புப் படலை, ஆள் உயரத்துக்குச் சுவர், படலைக்குப் பக்கத்தில் வேப்பமரம், மரத்தடியில் போலீஸ் நாற்காலி. போன வருடம் யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று அந்தப் படலைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தவன் நான்தான். பெயின்டிங்தானே எங்கள் எல்லோருக்கும் தொழில். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் கொடுத்து, இரண்டு கோட். அதிகாரி வரவில்லை. படலை நன்றாக இருக்கிறது.

வடக்கே எல்லையில் சண்டை. தொடங்கி இரண்டு வாரமாகிறது. போன சனிக்கிழமை ஒலிபெருக்கியோடு ஆட்கள் வந்து படித்தார்கள், நாட்டின் பாதுகாப்பைக் கருதி, தங்கியிருக்கும் வெளிநாட்டவர் எவரும் மறு உத்தரவு வரும்வரை தத்தம் இருப்பிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. வெளிநாட்டவர் என்றதும் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், முகாமுக்குள் யாரோ வெள்ளைக்காரன் வந்துவிட்டான் போல. சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. மன்னாரிலிருந்து படகில் ஏறியபோது எனக்குப் பத்தொன்பது வயது, இப்போது ஐம்பத்துநான்கு. என் தலைமுடி இந்த நாட்டில்தான் நரைத்தது, பற்கள் இந்த நாட்டில்தான் விழுந்தன. தவமலரை இங்கேதான் கட்டினேன். மகள் இங்கே அரசு ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், பிறந்த அன்றே வெளிநாட்டவள். இன்னொரு முகாமில் கட்டிக்கொடுத்தோம், அவளும் இந்நேரம் அங்கே ஒரு வரிசையில் நிற்பாள். எனக்கு முன்னால் நிற்கிற சூசைதாசன் வாய் ஓயாதவன். இந்த உத்தரவு வந்த அன்று அவன் என் மொபெட்டைக் காட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான், பத்மசீலன் இதிலை ஏறி எல்லைக்குப் போய்ச் சேரிறதுக்குள்ளை சண்டை முடிஞ்சு ரெண்டு தரம் எலக்சனும் வந்திடும், இவனுக்கு ஏன் இவ்வளவு பயப்பிடுகினம். அன்று எல்லோரும் சிரித்தோம். நான் அதிகமாகச் சிரித்தேன். ஏன் அதிகமாகச் சிரித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் டிவியில் காட்டினார்கள், வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் ஒரு தெரு ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்றுகிறார்கள், வேறு நாட்டவர், லுங்கி கட்டியவர்கள், பெண்கள், ஒரு கிழவர் லாரியின் பின் பலகையைப் பிடித்து ஏறப் பார்த்து ஏற முடியாமல் நிற்கிறார். நான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன், என்ன செய்தாங்களோ, ஒண்டும் செய்யாமல் பிடிப்பாங்களோ. தவமலர் என்னைப் பார்த்தாள். டிவியை நிறுத்தினாள். அந்தக் கிழவர் ஏறினாரா என்று தெரியாமலே போயிற்று. எனக்கு எப்படி அந்த வார்த்தை வந்தது? முப்பத்தைந்து வருடம் வரிசையில் நின்றவனுக்கு, வரிசையைப் பார்த்ததும் நிற்பவன் மேல்தான் சந்தேகம் வருகிறது என்றால், என்னை வைத்துக் காவல் காப்பவனை நான் எந்த வாயால் திட்டுவது. ஆனாலும் திட்டுகிறேன். மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் நிற்கிறேன், கெட்ட கெட்ட வார்த்தைகள், தவமலர் கேட்டால் எழுந்து போய்விடுவாள், எழும்ப முடிந்தால்.

அவள் மூச்சு வாங்குவது கேட்கிறது. ஈரத் துணியை யாரோ மெதுவாகக் கிழிக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே அந்த வக்கீல் பெண்ணின் குரல் நினைவுக்கு வருகிறது, போன தைப்பொங்கல் முடிந்து சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் என்று இதே பொதுக்கூடத்தில் பேசினாள். சுடிதார், கண்ணாடி, நல்ல பிள்ளை, எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்று பேசினாள், அதுவே எங்களுக்குப் புதிது. அரசியல் சாசனத்தில் சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் என்றாள். விரும்பிய இடத்தில் போய் வசிப்பது, சங்கம் வைப்பது, அதெல்லாம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் உயிர் வாழும் உரிமை இருக்கிறதே, அது இந்த மண்ணில் நிற்கிற எல்லோருக்கும் உண்டு, குடிமகனா இல்லையா என்ற கேள்வியே அங்கே கிடையாது, நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்தால்கூட அதை நிறுத்தி வைக்க முடியாது, அப்படித் திருத்தி எழுதியிருக்கிறார்கள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது, தன் வீட்டில் இருக்கிற நல்ல பொருளைக் காட்டுகிற மாதிரி. சூசைதாசன் எழும்பி, பிள்ளை, அதை ஆரும் மீறினா எங்கை போய்ச் சொல்லுறது என்றான். ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்றாள். ஹைகோர்ட்டுக்குப் போறதுக்குப் படலையிலை பாஸ் வேணுமே பிள்ளை, பாஸ் ஆர் தருவினம், என்றான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள், பாவம், சிரித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் விட்டுப்போன நம்பருக்குப் புதன்கிழமை அடித்தேன், மனுப் போடுகிறேன் அங்கிள், திங்கட்கிழமைதான் கோர்ட்டில் எடுப்பார்கள் என்றாள். திங்கள். நீர் திங்கள் வரை காத்திருக்குமா. உயிர் உரிமை எல்லோருக்கும் என்று எழுதியவர்கள் பெரிய மனிதர்கள்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் உயிர் எங்கே இருக்கிறது? புத்தகத்திலா இருக்கிறது? தவமலரின் உயிர் இடது கையில் இருக்கிறது. ஊசி ஏற்றுவதற்காக அந்தக் கையில் இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், தொட்டால் உள்ளே தேனீக் கூடு போல இரையும். இரைகிற வரை சரி, இரைச்சல் நின்றால் உடனே ஓடி வாருங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தூக்கத்திலும் என் விரல் அங்கேதான் இருக்கிறது. அந்த உயிருக்குக் கால் வேண்டும், மொபெட் வேண்டும், பஸ் வேண்டும், பதினெட்டு கிலோமீட்டர் தார் ரோடு வேண்டும். உயிர் உனக்கு, ரோடு எனக்கு என்றால் அது என்ன உரிமை. அடுப்பைக் கொடுத்துவிட்டு நெருப்பைப் பூட்டி வைப்பதா.

செவ்வாய்க்கிழமை. அதற்கு வரக் கூடாது என்றுதான் வக்கீலையும் கிழவரையும் நினைத்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டேன். செவ்வாய் காலை தண்ணீர் லாரி வந்து போன பிறகு படலை ஓர் ஆள், ஒரு மொபெட் போகிற அளவு திறந்தே இருந்தது. நான் தவமலரைப் பின்னால் உட்கார வைத்து மெதுவாக வந்தேன், போக அல்ல, அனுமதி கேட்க. வேப்பமரத்தடியில் மாரிச்செல்வம் மட்டும் இருந்தான், கான்ஸ்டபிள், இருபத்தைந்து வயதிருக்கும், இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் போய் வருவதைப் பார்ப்பவன், போயிட்டு வாங்கக்கா என்று அவளுக்குக் கை காட்டுபவன். எங்களைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டு, வேப்பமரத்தைப் பார்த்து உட்கார்ந்தான். மரத்தில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. அவன் முதுகு எனக்கு முன்னால் இருந்தது, காக்கிச் சட்டையில் வியர்வை ஒரு தீவு போலப் படிந்திருந்தது, படலை திறந்திருந்தது, படலைக்கு அப்பால் ரோடு. இந்த நாட்டில் பிறந்த எந்த மனிதனும் போயிருப்பான். ஆடு போயிருக்கும். நான் என்ன செய்தேன்? வண்டியை நிறுத்தினேன். ஸ்டாண்ட் போட்டேன். இறங்கினேன். மடித்துக் கட்டியிருந்த லுங்கிச் சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டேன். அந்தப் பையனின் முதுகைப் பார்த்துச் சொன்னேன், ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமோ. அவன் திரும்பவில்லை. காது கேட்காதவன் போல உட்கார்ந்திருந்தான். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? இரண்டாம் தரம் கேட்டேன், இன்னும் சத்தமாக, ஐயா. கூடத்துக்குள் போன் பேசிக்கொண்டிருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, என்னய்யா அங்க என்றார். மாரிச்செல்வம் எழுந்தான். என்னைப் பார்த்த அந்தப் பார்வை. கோபம் இல்லை, கோபம் என்றால் தாங்கியிருப்பேன். வெளிய விட ஆர்டர் இல்லண்ணே என்றான், இன்ஸ்பெக்டருக்குக் கேட்கிற குரலில். பிறகு படலையை இழுத்துச் சாத்தினான். நான் எண்ணெய் போட்ட கீல், சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

அதோடு முடியவில்லை. அரை மணி கழித்து வீட்டுக்கு வந்தான், கையில் சீவிய இளநீர், ஸ்ட்ரா போட்டு. அக்காவுக்குக் குடுங்கண்ணே, வெயில்ல வந்தாங்க என்றான். தவமலருக்கு இளநீர் விஷம். அதில் இருக்கிற உப்பு அவள் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும், வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது, தண்ணீர்கூட ஒரு நாளைக்கு ஒரு செம்பு. அது அவனுக்கு எப்படித் தெரியும். நல்ல மனதோடு வாங்கி வந்தான், தன் காசில். வேண்டாம் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவன் மனம் நோகுமாம், என்னை அடைத்து வைத்திருப்பவன் மனம் நோகுமாம். அவன் பார்க்க நானே குடித்தேன். இனிப்பாக இருந்தது. நாக்கை வறட்டிக்கொண்டு தவமலர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாடு எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் இப்படித்தான், நல்ல மனது, அரிசி, பண்டிகைக்கு வேட்டி, எதையும் நான் மறந்தவன் இல்லை, நன்றி கெட்டவன் இல்லை. ஆனால் இரக்கம் வேறு. இரக்கப்படுகிறவன் தனக்குத் தோன்றியதைத் தருவான், எனக்கு வேண்டியதை அல்ல. இரக்கம் முதுகைத் திருப்பி உட்காரும், கூப்பிட்டால் எழுந்து கதவைச் சாத்தும். எனக்கு இரக்கம் வேண்டாம், எனக்குச் சாத்த முடியாத படலை வேண்டும். இப்படி நினைக்கிறேன், நெஞ்சு கொதிக்கிறது, ஆனால் யார் மேல் கொதிக்கிறது? உத்தரவு போட்டவன் முகம் எனக்குத் தெரியாது. மாரிச்செல்வம் மேல் கொதித்தால் பாவம். மிச்சம் நான். திறந்திருந்த படலைக்கு முன்னால் அனுமதி கேட்ட நான். அடைத்து வைப்பது சுவரால் அல்ல, ஐயா என்ற சொல்லால் அல்லவா அடைத்திருக்கிறார்கள். இல்லை, அப்படிச் சொல்லி அவர்களைத் தப்ப விடாதே. சுவர் இருக்கிறது. சுவர் உண்மையானது. அதற்கு வெள்ளை அடித்ததும் நான்தான்.

ஜீப். ஆர்.ஐ. வந்துவிட்டார், பத்தரை. வரிசை தானாக நேராகிறது, என் முதுகும் நேராகிறது, அதைக் கவனிக்கிறேன், கவனித்தும் வளைக்க முடியவில்லை, நிழல் அவள் முகத்திலிருந்து விலகிவிட்டது. பெயர் கூப்பிடுகிறார்கள். சூசைதாசன் முடிந்து நான், இருக்கிறேன் என்கிறேன், தவமலர் கையைத் தூக்குகிறாள், பாதி தூக்கியது போதும் என்று எழுதுகிறவர் தலையாட்டுகிறார். ஆர்.ஐ.யிடம் போகிறேன். இவர் கெட்டவர் இல்லை, இதைச் சொல்லியே தீர வேண்டும், கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. டாக்டர் சீட்டைக் காட்டுகிறேன், செவ்வாய் போகாததைச் சொல்கிறேன், கையைக் காட்டுகிறேன், காலைக் காட்டுகிறேன். அவர் தவமலரின் காலைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொள்கிறார். மேலே எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை என்கிறார். தன் கையெழுத்துக்கு இப்போது மதிப்பில்லை, போட்டால் தன் வேலை போகும், இரண்டு பெண்பிள்ளைகள் என்கிறார். சீரியஸ் ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அதற்குத் தடை இல்லை என்கிறார். புதன்கிழமை கூப்பிட்டேன் ஐயா, வந்து பிரஷர் பார்த்துவிட்டு இன்னும் சீரியஸ் ஆகவில்லை என்று போய்விட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொல்கிறார், "நாடு இருக்குற நிலைமையில உங்களுக்கு மட்டும் எப்படிங்க பத்மசீலன் ரூலை மாத்துறது?" நாடு இருக்கிற நிலைமை. தவமலர் இருக்கிற நிலைமையை எந்த டிவியில் சொல்வார்கள். நாடு நோயாளி என்றால் நாடு பத்திரமாக இருக்கட்டும், அதற்கு நானும் கும்பிடுகிறேன், ஆனால் இந்த எழும்ப முடியாத பெண் பஸ்ஸில் போய் ஊசி குத்திக்கொண்டு நான்கு மணி நேரம் படுத்தால் எந்த எல்லை உடையும்? எந்தப் பாலம் விழும்? சாகப் போகிறவளுக்குப் படலை திறக்கும், சாகாமல் இருக்கப் போகிறவளுக்குத் திறக்காது என்று எவன் எழுதினான்? இதையெல்லாம் கேட்க வாயைத் திறந்தேன். வக்கீல் பெண் சொன்னதைச் சொல்ல வேண்டும், நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதியிருக்கிறது என்று சொல்ல வேண்டும், சொற்கள் வரிசையாக நின்றன, நிற்கத்தான் நன்றாகத் தெரியுமே. சரி ஐயா என்றேன்.

சரி ஐயா. எது சரி? எது சரி என்று திரும்பி நடக்கிறேன், சரி சரி என்று செருப்பு மண்ணில் தேய்கிறது. தவமலர் என் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தாள், நான் பிடித்தேன், வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவள் திரும்பவில்லை. மொபெட் சுவரோரம் நிற்கிறது, அதைப் பார்த்தாள். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, "இஞ்சருங்கோ. இண்டைக்கு ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காதேங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உலையில் அரிசி போடுங்கோ என்பது போலச் சொன்னாள். செவ்வாய்க்கிழமையைப் பற்றி மூன்று நாளில் அவள் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. என்ன நடக்கும்? முகாமிலிருந்து பேரை வெட்டுவார்கள். கேஸ் போடுவார்கள். சிறப்பு முகாம் என்று ஒன்று இருக்கிறது, பெயர்தான் முகாம், அங்கே போனவர்கள் வரவில்லை. அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு என்னைப் பிடித்தால் செவ்வாய் யார் கூட்டிப் போவது, அடுத்த வெள்ளி யார். பயமாக இருக்கிறது, படகில் வந்த இரவுக்குப் பிறகு இப்படி இல்லை. அடுத்த வெள்ளியைப் பற்றிப் பயப்பட அவள் அடுத்த வெள்ளி இருக்க வேண்டும். வண்டியை எடுக்கிறேன். அவளை ஏற்றுகிறேன். சூசைதாசன் பார்க்கிறான், வாய் ஓயாதவன் வாயை மூடிக்கொண்டு சிவப்பு நாற்காலியை எடுத்து அதில் தான் உட்கார்ந்துகொள்கிறான், தவமலர் இன்னும் அங்கேயே இருப்பது போல. ஆர்.ஐ. ஜீப்பில் ஏறுகிறார். ஜீப்புக்காக மாரிச்செல்வம் படலையைத் திறக்கிறான், பச்சைப் படலை, இரண்டு பக்கமும் முழுதாக. ஜீப்பின் புழுதிக்குப் பின்னால் நான். சாரம் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி இருக்கிறது, கை தானாக அதை அவிழ்க்கப் போகிறது, ஆக்ஸிலேட்டரை விடாதே, விடாதே. வேப்பமரம் வருகிறது. படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற காக்கிக் கை தெரிகிறது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டானா என்று நான் பார்க்கவில்லை, பார்த்தால் கேட்டது போல ஆகிவிடும். மண் முடிந்து தார் தொடங்குகிற இடத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஜீப் வலப்பக்கம் திரும்பியது, டவுன் இடப்பக்கம். அப்போது பின்னால் விசில். ஒரு தரம், நீளமாக. எங்களை நிற்கச் சொன்னதோ, படலையைச் சாத்தப் போகிறேன் என்றதோ, எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடமாக எந்த விசிலுக்கும் நான் நின்றிருக்கிறேன், என் விரல்கள் என்னைக் கேட்காமலே போய் பிரேக்கைப் பிடித்துவிட்டன. தவமலர் தன் இடது கையால் என் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தாள். சட்டைக்கு மேலாக அது இரைந்துகொண்டிருந்தது. பிரேக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.